பத்து லட்சத்து மூன்றாவது குடும்பம்

கொடைக்கானலில் அந்தக் காலத்தில் மலைக் குடியேற்றச் சரிபார்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து மலையில் இடம் கொடுக்கப்பட்ட நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. குடும்பங்கள் இருக்கத்தான் செய்தன. வாட்டில் மரங்களுக்குப் பட்டை உரித்தன, பூண்டு வயலில் களை எடுத்தன, மழையில் நனைந்தன, ஞாயிற்றுக்கிழமை வெளுத்த துணி உடுத்திக் கோயிலுக்குப் போயின. ஆனால் ஒரு குடும்பம் இருப்பது வேறு, சரிபார்க்கப்பட்டு இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றப் பதினாறு பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

முதன்முதலில் குடும்பங்களுக்கு எண் கொடுத்தபோது, ஒன்று இரண்டு என்று தொடங்கினால் அலுவலகம் சின்னதாகத் தெரியும் என்று அப்போதிருந்த அதிகாரி கவலைப்பட்டார். கீழே பழனி அடிவாரக் குடியிருப்பில் ஏற்கெனவே ஐந்து லட்சத்திலிருந்து எண் போட்டிருந்தார்கள். மலை அதைவிட உயரம். எனவே இங்கே பத்து லட்சத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

எண் கொடுத்த அன்று வெள்ளனே போனால் வெரசாகத் திரும்பிவிடலாம் என்று சூசைமாணிக்கம் கருக்கலிலேயே கிளம்பினார். பேத்துப்பாறைக்குப் போகிற வழியில், சரிவில் இருந்தது அவருக்குக் கொடுத்த வீடு. ஒரே அறை, தகரக் கூரை. அங்கிருந்து நடந்து வந்து சேர்ந்தபோது வரிசையில் இரண்டே பேர் இருந்தார்கள். முதலில் அன்னக்கொடி, அடுத்தது திருமலைச்சாமி. மூன்றாவதாக நின்ற சூசைமாணிக்கத்தின் அட்டையில் 10,00,003 என்று நீல மையில் எழுதிக் கொடுத்தார்கள். அதை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐந்து வருஷம் அந்த எண் அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

1978-ஆம் வருஷம் செப்டம்பரில் சேனாதிபதி என்ற புது அதிகாரி வந்தார். வந்த மூன்றாம் நாளே ஊழியர்களையும் குடும்பத் தலைவர்களையும் முற்றத்தில் நிற்கவைத்துப் பேசினார்.

"மனிதன் பொய் சொல்வான். எண் பொய் சொல்லாது. ஆகவே இனிமேல் இந்த அலுவலகம் மனிதர்களை எதுவும் கேட்காது. எண்களை மட்டுமே கேட்கும். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

அவர் கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பெருக்கல் வரிசை முறை என்று பெயர். ஒவ்வொரு கோப்பின் எண்ணையும் இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத வேண்டும். முதல் எண், கோப்பு இருக்கும் பீரோ. இரண்டாவது எண், அந்தப் பீரோவில் தட்டு. திருமலைச்சாமியின் 10,00,002 இரண்டால் வகுபட்டது. ஆகவே அவருடைய கோப்பு இரண்டாம் பீரோவில் ஐந்து லட்சத்து ஓராம் தட்டில் இருப்பதாகப் பதிவானது. அலுவலகத்தில் மொத்தமே மூன்று பீரோ. ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டு. மற்ற பீரோக்கள் சென்னையிலிருந்து அனுமதியாகி வரும்வரை கோப்புகளைப் பூண்டுச் சாக்குகளில் போட்டு வைத்தார்கள். சரிபார்க்கப்பட்ட குடும்பங்கள் எல்லாவற்றிலும் பூண்டு மணம் வீசியது.

ஒன்றால் வகுப்பதற்கு மட்டும் அனுமதி கிடையாது. முதல் பீரோவும், மற்ற பீரோக்களின் முதல் தட்டும் அதிகாரிக்கு உரியவை. அவற்றில் அவருடைய குடையும், சாப்பாட்டுக் கேரியரும், ஆயுத பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய பொரியும் இருந்தன.

அன்னக்கொடியின் 10,00,001 லேசில் மசியவில்லை. அதற்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அந்தப் பெண்பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் கந்தவேல் என்ற குமாஸ்தா நூற்றொன்றால் வகுத்துப் பார்த்தார். மிச்சம் இல்லை. நூற்றொன்றாம் பீரோ, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஓராம் தட்டு. சேனாதிபதி அன்று எல்லாருக்கும் டீ வரவழைத்தார். "இந்த அலுவலகத்தில் வகுபடாதது என்று எதுவும் கிடையாது" என்று சென்னைக்குக் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதம்தான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

அக்டோபர் கடைசியில் சூசைமாணிக்கத்துக்கு ஒரு தாக்கீது வந்தது.

'தங்கள் குடும்ப எண் எதனாலும் வகுபடாமல் இருப்பது தெரியவந்துள்ளது. வகுபடாமைக்கான காரணத்தை எழுத்து மூலம் விளக்கவும். வகுபடாத கோப்புக்கு இடம் இல்லை. இடம் இல்லாத கோப்பு இல்லாத கோப்பாகும். நவம்பர் முப்பதுக்குள் தக்க எண்ணைக் கொண்டுவரத் தவறினால், வீட்டைக் காலிசெய்து மலையிறங்க வேண்டியிருக்கும்.'

அவர் மனைவி புஷ்பமேரி மிஷன் பெண்கள் பள்ளி விடுதியில் துணி வெளுக்கிறவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். தாக்கீதை இரண்டு தடவை வாசித்தாள்.

"இந்தாங்க, நாம என்ன தப்புச் செஞ்சோம்னு இதுல போட்டிருக்கு?"

"வகுபடலையாம்."

"யாரு?"

"நாமதான்."

சூசைமாணிக்கம் அந்தத் தாளைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார். காகிதம் என்றாலே அவருக்குப் பயம். அதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் இருந்தபோது ஒரு நாள் இரண்டு பட்டியல் போட்டார்கள். ஒன்று போகிறவர்கள் பட்டியல், ஒன்று இருக்கிறவர்கள் பட்டியல். இவர் பேர் முதல் பட்டியலில் இருந்தது. லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த அவருடைய அண்ணன் பேர் மற்றதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பிறகு சரிசெய்து தருகிறோம் என்றார்கள். போட்டார். கப்பல் கிளம்பியபோது அண்ணன் அந்தக் கரையில் நின்றார். இன்னும் அங்கேதான் நிற்கிறார் என்பதுபோல் சில நாள் இவருக்குத் தோன்றும்.

தாக்கீது வந்த நாளிலிருந்து ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் காட்டுக்குள் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பட்டை உரிக்கிற கத்தி இரண்டு தடவை கைநழுவியது. கோயிலில் ஜெபம் சொல்லும்போது நடுவில் வார்த்தை மறந்தது. பூண்டு வயல் பக்கம் பார்த்த திருமலைச்சாமி சும்மா போகாமல், "என்னண்ணே, ஒங்க நம்பரு என்ன கல்லா? என் நம்பரெல்லாம் தொட்டாப் போதும், பட்டுனு ரெண்டா ஒடையும்" என்றார். சொல்லிவிட்டு, தனக்கும் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் வேறு வழியாகப் போனார்.

அலுவலகத்தில் சூசைமாணிக்கத்தை உட்காரச் சொன்ன ஒரே ஆள் குமாஸ்தா கந்தவேல்தான்.

"மாணிக்கண்ணே, நானும் ஒரு வாரமா வகுத்துப் பாக்கேன். இருநூறு வரைக்கும் போயிட்டேன். கடைசியில எதாவது ஒண்ணு மிஞ்சிக்கிட்டே கெடக்கு. நீங்க கணக்குத் தெரிஞ்ச யாரையாச்சும் பாருங்களேன்."

"தம்பி, நா பட்டை உரிக்கிறவன். எனக்கு இதுல என்னா வெளங்கும்?"

"எனக்கே வெளங்கலண்ணே. வேலை மட்டும் பாக்கேன்."

புஷ்பமேரி மறுநாள் விடுதியில் துணியைக் காயப்போட்டுக்கொண்டே அழுதாள். அதைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தவர் இசபெல்லா டீச்சர். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். அட்டையை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். ஒன்பது நாள் மாலைநேரங்களில், பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் வகுத்துக்கொண்டே இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. ஆண்டவர் தம்முடைய வேலையை இந்த மாதிரி ஆட்களிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார்.

பத்தாம் நாள் இருவரையும் வரச்சொன்னார்.

"மாணிக்கம், இது பகா எண். ப்ரைம் நம்பர்னு சொல்லுவோம். ஒண்ணாலயும், அந்த நம்பராலயும் தவிர வேற எதாலயும் இதை மிச்சமில்லாம வகுக்க முடியாது."

"எதாலயுமா டீச்சரம்மா?"

"எதாலயும். இந்த மாதிரி பகா எண் ஆயிரத்துக்குள்ள நூத்தி அறுபத்தெட்டு இருக்கு. ஒவ்வொண்ணாலயும் வகுத்துப் பாத்துட்டேன். ஏழால வகுத்தா நாலு மிச்சம், பதினொண்ணால நாலு மிச்சம், கடைசியா தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழால பன்னெண்டு மிச்சம். ஒண்ணும் போகலை."

"ஆயிரத்துக்கு மேல இருக்கிற பெரிய நம்பரு எதாச்சும் போனாலும் போகுமில்லங்களா?"

இசபெல்லா சிரித்தார். "நல்ல கேள்வி கேட்டீங்க. பெரிய நம்பர் ஒண்ணு இதை வகுத்துச்சுன்னா, அதுக்கு ஜோடியா இன்னொண்ணு வேணும்ல? ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினாலே பத்து லட்சம். ரெண்டுமே ஆயிரத்துக்கு மேலன்னா உங்க நம்பரைத் தாண்டிப் போயிரும். அதனால ஜோடியில ஒண்ணு ஆயிரத்துக்குள்ள இருந்தே ஆகணும். அங்க ஒண்ணுமே இல்லை. இனி உலகம் முடியிற வரைக்கும் யாரு வகுத்தாலும் வகுபடாது."

சூசைமாணிக்கத்துக்கு உலகம் முடிகிற வரைக்கும் என்ற சொல்தான் காதில் விழுந்தது.

"அப்ப எங்க தப்புத்தானுங்களா?"

"அய்யோ, இதுல தப்பு எங்க இருக்கு? எத்தனையோ நம்பரை ஆண்டவர் அப்படித்தான் வெச்சிருக்காரு. நீங்க மூணாவதா நின்னீங்க, அது வந்துச்சு. நான் எழுதித் தாரேன், ஆபீஸ்ல குடுங்க. படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்க."

இசபெல்லா டீச்சருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை அதிகம்.

சேனாதிபதி அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நூற்று அறுபத்தெட்டு முறை முயன்று நூற்று அறுபத்தெட்டு முறையும் தோற்றுப்போன ஒருவர் கொடுக்கும் சான்றிதழை நான் எப்படி ஏற்பது? என் ஊழியர் ஒருவர் இத்தனை முறை தோற்றால் வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன்."

"முடியாதுன்னு டீச்சரம்மா..."

"முடியாது என்று சொல்வதற்கு ஓர் ஆசிரியைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? முடியாது என்று சொல்லும் அதிகாரம் எனக்கே இல்லை. சென்னையில்தான் இருக்கிறது." அவர் காகிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "அது போகட்டும். ஏழால் வகுத்தால் நான்கு மிச்சம். பதினொன்றால் வகுத்தாலும் நான்கு. பதின்மூன்றால் வகுத்தாலும் நான்கு. உம்முடைய குடும்பத்தில் எத்தனை பேர்?"

"நானும் என் சம்சாரமும். ரெண்டு பேருங்க தொரை."

"அப்படியானால் மற்ற இரண்டு பேர் எங்கே?"

இல்லாத இரண்டு பேரை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு மறந்துபோனோமோ என்று ஒரு கணம் சூசைமாணிக்கத்துக்கே சந்தேகம் வந்தது. அதிகாரிகளின் குரலுக்கு அப்படி ஒரு வல்லமை உண்டு.

மறுநாள் காலையிலேயே ஜீப் வந்தது. இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் ஒளிய முடியவில்லை. வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். டேப்பு வைத்து அறையை அளந்தார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். மாதா படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். புஷ்பமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். கந்தவேல் நோட்டைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் எழுதினார்.

"ரெண்டு பேருக்கு மூணு தட்டு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"யாராச்சும் வந்தா சோறு போடன்னு வெச்சிருக்கோமுங்க" என்றாள் புஷ்பமேரி.

"யாரு வருவா?"

"யாரு வேணும்னாலும் வரலாமுங்களே."

'வருவதாகச் சொல்லப்படும் நபர் ஒருவர், அடையாளம் தெரியவில்லை' என்று எழுதப்பட்டது. நான்கு மிச்சத்தில் மூன்று கிடைத்துவிட்டது, இன்னும் ஒருவரைத் தேட வேண்டும் என்று அறிக்கை போனது. அந்த வாரம் முழுவதும் சூசைமாணிக்கம் அந்த மூன்றாவது தட்டைப் பார்க்கவே பயந்தார். "அதை எங்கயாச்சும் போட்டுரு புஷ்பம்" என்றார். அவள் போடவில்லை. கழுவி, அதே இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி இருவரையும் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டு பெய்தது. வாசலில் ஒரு லாரி நின்றது. அது கேரட் ஏற்ற வந்த லாரி. ஆனால் சூசைமாணிக்கம் அதைத் தங்களுக்காக வந்தது என்றே நினைத்தார்.

சேனாதிபதி அன்று மலர்ந்த முகத்தோடு இருந்தார்.

"உங்களுக்கு நல்ல செய்தி. பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன். எண்ணை வகுக்க முடியாவிட்டால் என்ன, குடும்பத்தை வகுத்துவிடலாம்." ஒரு காகிதத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினார். "ஐந்து லட்சத்து ஒன்று, ஐந்து லட்சத்து இரண்டு. இரண்டையும் கூட்டினால் சரியாகப் பத்து லட்சத்து மூன்று. அரசாங்கத்துக்கு ஓர் எண்கூட நட்டம் இல்லை. முதல் எண் மூன்றால் வகுபடும். இரண்டாவது இரண்டால் வகுபடும். அடிவாரக் குடியிருப்பில் இந்த இரண்டு எண்ணும் காலியாக இருக்கின்றன. விசாரித்துவிட்டேன்."

"தொரை, எனக்கு வெளங்குதில்ல."

"ஐந்து லட்ச வரிசையில் ஒற்றை எண்கள் மலைக்கு, இரட்டை எண்கள் அடிவாரத்துக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. நீர் இங்கேயே அதே வீட்டில் இருக்கலாம். அந்த அம்மாளுக்குப் பழனிக்குக் கீழே நல்ல இடம். இருவரும் ஒரே குடும்பம் அல்ல என்று இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து. முடிந்தது. நான் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வகுத்துவிட்டால் அமைதியாகிவிடுகிறார்கள்."

சூசைமாணிக்கத்தின் கை தானாகப் பேனாவை எடுத்தது. பயந்தவன் கை அப்படித்தான். நீட்டிய இடத்தில் போடும். புஷ்பமேரியும் தடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "போடுங்க. காகிதத்துலதானே. வீடு நிக்கட்டும். நா எங்க போயிரப் போறேன், அடிவாரந்தானே."

அவள் அப்படிச் சொன்னது அவருக்கு வேறொரு குரலாகக் கேட்டது. 'போடு தம்பி, காகிதத்துலதானே, பிறகு சரிபண்ணிக்கலாம்' என்று அவருடைய அண்ணனும் இதே மாதிரிதான் சொன்னார்.

பேனாவை மேஜை மேல் வைத்தார். கை நடுங்கியதில் அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தார்.

"மாட்டேனுங்க தொரை."

"என்ன?"

"கும்புட்டுக் கேட்டுக்கிறேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. கையக் காலப் பாருங்க. ஆனாக்க இதுல போட மாட்டேன். முன்ன ஒருதரம் போட்டேன். இன்னிக்கும் அண்ணன் மொகத்தப் பாக்கல. நாங்க ரெண்டு பேரும் ஒங்க கணக்குல மிச்சமாவே இருந்துட்டுப் போறோம்."

சேனாதிபதியின் முகம் சிவந்தது. அவருடைய அலுவலகத்தில் மிச்சமாக இருக்கிறேன் என்று யாரும் விண்ணப்பித்ததில்லை.

"கந்தவேல்! வெளியேற்ற உத்தரவு தயார் செய்யும். முப்பதாம் தேதி வீட்டுக் கூரையைக் கழற்ற ஆள் அனுப்பும்!"

கந்தவேல் எழுந்து வந்தார். உத்தரவுக்கான படிவத்தை மேஜை மேல் விரித்தார். மையைத் தொட்டார். பிறகு நிறுத்தினார்.

"ஐயா, உத்தரவுல பீரோ எண் போடணுமுங்களே. அது இல்லாம தபால்ல ஏத்த மாட்டாங்க. ஐயா போட்ட விதிதான்."

"போடும்."

"எந்த எண்ணுங்கய்யா?"

சேனாதிபதி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார்.

"இல்லாட்டி, 'இந்த எண்ணை இந்த அலுவலகத்தால வகுக்க முடியல'ன்னு காரணம் எழுதிட்டா சென்னையில ஒத்துக்குவாங்க. எழுதட்டுங்களா?"

"எழுதாதே!" என்று சேனாதிபதி கத்தினார். வகுபடாதது எதுவும் இல்லை என்று அவரே எழுதிய கடிதம் சென்னையில் யாரோ ஒருவருடைய மேஜையில் கிடந்தது. இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த அறையில் சூசைமாணிக்கம் தவிர இன்னொருவரும் பயந்தார். அவருடைய பயமும் நிஜமானதுதான். மேல்நெற்றியில் வேர்த்திருந்தது. அவரைப் பார்க்கச் சூசைமாணிக்கத்துக்கே பாவமாக இருந்தது.

கந்தவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வழி இருக்குங்கய்யா. 'வகுத்தல் நடைபெற்று வருகிறது. அது முடியும் வரை இப்போதுள்ள நிலையே தொடரும்'னு ஒரு வரி போட்டுரலாம். ஐயா பேரும் நிக்கும். வேலையும் நடக்குதுன்னு இருக்கும்."

"முடிய எத்தனை நாள் ஆகும்?"

மேஜை ஓரத்தில் இசபெல்லா டீச்சரின் காகிதம் இருந்தது. அலுவலகத்தில் அதைக் கடைசி வரி வரைக்கும் புரிந்து வாசித்த ஒரே ஆள் கந்தவேல்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

"வகுக்க வகுக்கத்தானுங்கய்யா தெரியும்."

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அதை எந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்வது என்று ஆண்டவருக்குத் தெரியும்.

சேனாதிபதி கையெழுத்துப் போட்டார். "வகுத்தே தீர வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி" என்று கடுமையாகச் சொன்னார். கந்தவேல் அந்தச் சொல்லையும் உத்தரவில் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்து புஷ்பமேரி கேட்டாள்: "இப்ப நாம இருக்கமா, இல்லையா?"

"வகுத்துக்கிட்டு இருக்காகளாம்" என்றார் அவர். லாரி கேரட் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே சாக்கைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

பயம் அன்றோடு போய்விடவில்லை. அப்படிப் போய்விடும் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஜீப் சத்தம் கேட்டால் சூசைமாணிக்கத்தின் கை இன்னமும் நின்றுவிடும். மாதத்தில் இரண்டு தடவை அலுவலக ஜன்னலோரம் வந்து நின்று, தன் கோப்பு எங்கே என்று பார்ப்பார். அது பீரோவிலும் இல்லை, சாக்கிலும் இல்லை. கந்தவேலின் மேஜை மேலேயே இருந்தது. அந்த அலுவலகத்தில் பூண்டு மணம் இல்லாத ஒரே கோப்பு அதுதான். மாதத்துக்கு இரண்டு தடவை கந்தவேல் அதைத் திறந்து, ஒரு பகா எண்ணை எடுத்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் வகுத்து, மிச்சத்தை எழுதி, கீழே தேதி போட்டு மூடினார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று முதலிலிருந்தே ஆரம்பித்திருந்தார். ஜன்னலில் சூசைமாணிக்கத்தின் தலை தெரிந்தால் பேனாவை லேசாக உயர்த்திக் காட்டுவார். அதற்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம்.

சேனாதிபதி பெருக்கல் வரிசை முறைக்காகப் பாராட்டப்பட்டு, பதவி உயர்வோடு சென்னைக்குப் போனார். அவருக்குப் பின் வந்தவரும் போனார். அதற்குப் பின் வந்தவரும் போனார். ஒவ்வொருவரும் வந்த முதல் நாள் மேஜை மேல் கிடக்கும் அந்தக் கோப்பைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள்.

1985 டிசம்பரில் வந்தவர் சின்ன வயசுக்காரர், சுறுசுறுப்பானவர். அவர் கோப்பைக் கையில் எடுத்தபோது சூசைமாணிக்கம் ஜன்னலோரத்தில்தான் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. கை ஜன்னல் கம்பியை விடவில்லை.

"ஏழு வருஷமா ஒரு கோப்பு மேஜை மேல கிடக்கு. என்ன இது?"

கந்தவேல் எழுந்து நின்றார்.

"வகுத்துக்கிட்டு இருக்கோமுங்கய்யா."

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

கந்தவேல் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆயிரத்து ஒம்போது முடிஞ்சிருக்குங்க. அடுத்தது ஆயிரத்துப் பதிமூணு."

புது அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, மிச்சம் இருந்தது. அவர் முகத்தில் திருப்தி பரவியது.

"நல்ல முன்னேற்றம்" என்றார். "அவசரப்பட வேண்டாம். நிதானமாச் செய்யுங்க."